தகவல் படங்கள்: விற்பது வடிவமா, எண்ணா?

இன்ஃபோகிராஃபிக் எனப்படும் தகவல் படம், ஒரு கணக்கையோ ஒப்பீட்டையோ செய்முறையையோ படமும் சொற்களும் சேர்த்து ஒரே பார்வையில் புரியவைக்கும் வடிவம். தேர்தல் முடிவன்று செய்தித்தாளில் வரும் வண்ணத் தொகுதி வரைபடமும் இதுதான். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் நட்சத்திர லேபிளும் இதுதான். இணைய விளம்பரத்தில் இதற்கு இன்னொரு வேலையும் சேர்கிறது. பார்த்தவர் அதை மற்றவருக்கு அனுப்ப வேண்டும். அது போகும் இடமெல்லாம் நிறுவனத்தின் பெயரும் கூடவே போக வேண்டும். வெறும் விளம்பரத்தை யாரும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை. பயன்படும் தகவலைப் போடுவார்கள். தகவல் படத்தின் வணிக மதிப்பு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

இந்தியச் சந்தையில் அதிகம் பேரைச் சென்றடைந்த தகவல் படத்தை வரைந்தது எந்த விளம்பர நிறுவனமும் அல்ல. மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006-ல் தொடங்கிய நட்சத்திர லேபிள் அது. ஏசிக்கும், உறைபனி படியாத ஃப்ரிட்ஜுக்கும் 2010 முதல் அது கட்டாயமானது. நட்சத்திரங்களுக்குக் கீழே ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் செலவாகும் என்ற எண்ணும் இருக்கும். கம்ப்ரஸரைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூடக் கடையில் ‘இது எத்தனை ஸ்டார்?’ என்று கேட்கிறார். லேபிளை ஒட்டச் சொன்னது சட்டம் என்றாலும், பிறகு அதே நட்சத்திரங்களைக் காட்டித்தான் நிறுவனங்கள் விளம்பரம் செய்தன.

இன்னொரு அரசு ஏற்பாடு முதல் முயற்சியிலேயே சரியாக அமையவில்லை. மியூச்சுவல் ஃபண்டுகளின் இடரைக் காட்ட, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2013-ல் நீலம், மஞ்சள், பழுப்பு என்று மூன்று நிறங்களைக் கொண்டுவந்தது. நீலம் என்றால் இடர் குறைவு, பழுப்பு என்றால் அதிகம் என்பதை யாராவது சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 2015-ல் அந்த நிறங்களின் இடத்துக்கு ரிஸ்கோமீட்டர் வந்தது. வண்டியின் வேகமானியைப் போல முள் உள்ள அரைவட்டம், ஐந்து நிலைகள். 2021 முதல் ‘மிக அதிகம்’ என்ற ஆறாவது நிலையும் சேர்ந்தது. முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதற்கு விளக்கவுரை தேவையில்லை. பார்ப்பவருக்கு ஏற்கெனவே பழகிய ஓர் உருவத்தின் மேல் புதிய தகவலை ஏற்றினால் அது நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உள்நாட்டு எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

பழைய கலை, புதிய சந்தை

இந்தக் கலைக்கு வயது இரண்டு நூற்றாண்டுக்கும் மேல். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786-ல் வெளியிட்ட வணிக, அரசியல் அட்லஸில் நாடுகளுக்கு இடையிலான வர்த்தகத்தைக் கோடுகளாக வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் தொடர்ச்சியான பல ஆண்டுக் கணக்கு அவருக்குக் கிடைக்கவில்லை. கையிலிருந்த ஒரே ஆண்டின் ஏற்றுமதி, இறக்குமதியை 17 இடங்கள் வாரியாகப் பட்டைகளாக்கினார். இன்று எல்லா அலுவலகங்களிலும் புழங்கும் பட்டை வரைபடம் அப்படித் தரவுப் பற்றாக்குறையால் பிறந்தது. வட்டத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் ‘பை’ வரைபடமும் 1801-ல் அவர் கொண்டுவந்ததே.

எண்ணைப் படமாக்கி மற்றவரைச் சம்மதிக்கவைக்க முடியும் என்று காட்டியவர் செவிலியர் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். கிரிமியப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் காயத்தால் இறந்ததைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் இறந்ததே அதிகம். அந்தக் கணக்கை மாதவாரியாக, விசிறி போல விரியும் வண்ணப் படமாக 1858-ல் வெளியிட்டார். அரசாங்கத்தையும் ராணுவ அதிகாரிகளையும் நோக்கியே அது வரையப்பட்டது. இன்றைய விளம்பரத் துறையின் மொழியில் சொன்னால், யார் பார்க்க வேண்டும், பார்த்தபின் என்ன செய்ய வேண்டும் என்பது வரையும் முன்பே முடிவாகியிருந்தது.

வியன்னாவில் 1925-ல் சமூகப் பொருளாதார அருங்காட்சியகத்தை நிறுவிய ஓட்டோ நியூராத் அந்த வரிசையில் அடுத்தவர். அதிகம் படிக்காத தொழிலாளர்களுக்கும் புள்ளிவிவரம் புரிய வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அவர் வகுத்த விதி ஒன்று இன்றும் அதிகம் மீறப்படுகிறது: எண்ணிக்கை கூடினால் உருவத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே உருவத்தைக் கூடுதல் முறை அடுக்க வேண்டும். அதன் காரணம் பின்னால் வரும்.

இணையம் வந்தபின் தகவல் படத்துக்குக் கிடைத்த மவுசுக்குக் காரணம் வாசகர் அல்ல, தேடுபொறி. ஒரு தளத்துக்கு மற்ற தளங்கள் தரும் இணைப்பை ஒருவகை ஓட்டாகக் கணக்கிட்டே கூகுள் தன் தேடல் வரிசையைக் கட்டியது. அதிகத் தளங்கள் இணைப்புக் கொடுத்தால் வரிசையில் மேலே வரலாம். கட்டுரைக்கு இணைப்புக் கொடுக்கத் தயங்குபவர்களும் அழகான படத்தை எடுத்துத் தங்கள் தளத்தில் ஒட்டிக்கொள்வார்கள். அதற்காகவே படத்துக்கு அடியில் ஒரு நிரல்துண்டு வைக்கப்பட்டது. அதை நகலெடுத்து ஒட்டினால் படத்தோடு நிறுவனத்துக்கான இணைப்பும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது தனித் தொழிலாகவே நடந்தது. காப்பீடு விற்பவர் காபியின் வரலாற்றை வரைந்தார்; கடன் கொடுப்பவர் சுறா மீன்களைப் பற்றி வரைந்தார். படத்துக்கும் சரக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கூகுள் 2012 ஏப்ரலில் கொண்டுவந்த பெங்குவின் என்ற மாற்றம் செயற்கையான இணைப்புகளைக் குறிவைத்தது. தேடல் மோசடிகளைத் தடுக்கும் குழுவின் தலைவராக அங்கே இருந்த மேட் கட்ஸ், இன்ஃபோகிராஃபிக் வழியாக வரும் இணைப்புகளின் மதிப்பும் குறைக்கப்படலாம் என்று அதே ஆண்டு ஒரு பேட்டியில் சொன்னார். படத்தில் தவறான தகவல் மலிவதையும், அதை ஒட்டிக்கொள்பவருக்குத் தாம் எதற்கு இணைப்புக் கொடுக்கிறோம் என்றே தெரியாததையும் அவர் காரணமாகக் காட்டினார். இணைப்புக்காகவே வரைந்த படங்களின் காலம் அத்தோடு சரிந்தது. சரிந்தது நல்லதுதான்.

அறுபதாயிரம் மடங்கு என்ற கதை

தகவல் படத்தை விற்பவர்கள் தங்கள் சரக்குக்குச் சாட்சியாகச் சொல்லும் எண்களே ஆட்டம் காண்பவை என்பது இந்தத் துறையின் வேடிக்கை. மனித மூளை எழுத்தைவிடப் படத்தை 60,000 மடங்கு வேகமாக உள்வாங்குகிறது என்ற வரி எண்ணற்ற விளம்பரக் கையேடுகளில் இருக்கிறது. பெரும்பாலும் 3எம் நிறுவனத்தின் பெயரைச் சொல்லியே அது சுற்றுகிறது. தேடிப் போனவர்கள் யாருக்கும் அதன் பின்னால் ஓர் ஆய்வு கிடைத்ததில்லை. படிப்பதில் 10 சதவீதம், பார்ப்பதில் 30 சதவீதம் நினைவில் நிற்கும் என்று எட்கர் டேலின் பெயரில் உலவும் கூம்புப் படமும் இதே ரகம். அமெரிக்கக் கல்வியாளரான டேல் 1946-ல் வெளியிட்ட கூம்பில் சதவீதமே கிடையாது. பின்னால் வந்தவர்கள் சேர்த்துவிட்டார்கள்.

உண்மையான ஆய்வுகள் இவ்வளவு கவர்ச்சியாக இருப்பதில்லை, ஆனால் கூடுதல் பயன் தருபவை. உளவியலாளர் லயனல் ஸ்டாண்டிங் 1973-ல் வெளியிட்ட சோதனையில் 10,000 படங்கள் வரை பார்த்தவர்கள், பிறகு அவற்றில் பெரும்பகுதியை ‘இதைப் பார்த்திருக்கிறேன்’ என்று அடையாளம் கண்டார்கள். படம் நினைவில் நிற்கும் என்பது அதில் உறுதியானது. நினைவில் நிற்பதும் புரிவதும் ஒன்றல்ல.

வரைபடத்தில் அலங்காரம் வேண்டுமா என்பது நெடுநாளைய சண்டை. அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட் டஃப்டி 1983-ல் எழுதிய நூலில், தகவலைச் சொல்லாத மை எல்லாம் குப்பை என்ற கட்சியை எடுத்தார். கனடாவின் சஸ்காட்செவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். டைம் இதழில் நைஜல் ஹோம்ஸ் வரைந்தவை போன்ற அலங்கார வரைபடங்களை ஒரு பக்கமும், அதே தகவலின் வெறும் வரைபடங்களை இன்னொரு பக்கமும் வைத்து ஒப்பிட்டார்கள். படித்துப் புரிந்துகொள்வதில் வேறுபாடு இல்லை. இரண்டு மூன்று வாரம் கழித்துக் கேட்டபோது அலங்காரப் படங்களே நன்றாக நினைவில் இருந்தன. பங்கேற்றவர்கள் 20 பேர் மட்டுமே என்பதால் இதை வேதவாக்காகக் கொள்ள முடியாது. ஹோம்ஸின் படங்களில் அலங்காரமே பொருளைச் சொல்லும் என்பதும் கவனிக்கத்தக்கது. வணிக விளம்பரங்களில் ஓரத்தில் தூவப்படும் பலூனும் ராக்கெட்டும் அந்த வகையில் சேராது.

ஹார்வர்டு, எம்ஐடி ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வு வணிகர்களுக்கு இன்னும் நெருக்கமானது. வரைபடத்தைப் பார்ப்பவரின் கண் எங்கே போகிறது, பிறகு அவர் எதை நினைவுகூர்கிறார் என்று அவர்கள் கவனித்தார்கள். தலைப்பும் படத்தில் உள்ள எழுத்துமே முன்னால் நின்றன. ‘விற்பனை விவரம் 2024’ என்ற தலைப்பு ஓர் இடத்தை வீணாக்குகிறது. ‘ஆடித் தள்ளுபடியைவிடத் தை மாதத்தில் அதிகம் விற்றது’ என்று முடிவையே தலைப்பாக்கினால் படத்தின் பாதி வேலை முடிந்துவிடும்.

பிரியாணிக் கணக்கு

ஸ்விக்கி நிறுவனம் ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் தன் ஆர்டர் கணக்கைத் தகவல் படங்களாக வெளியிடுகிறது. 2024-ல் அது சொன்ன எண் 8.3 கோடி பிரியாணி. இந்த எண் யாருடைய மனதிலும் உருவம் பெறாது. அதையே நிமிடத்துக்கு 158 என்று வகுத்துச் சொன்னது. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்த வரியை இலவசமாகப் பரப்பின. இரண்டும் ஒரே எண்தான், வகுத்தது மட்டுமே வேலை. ஸ்பாட்டிஃபை 2016 முதல் ஆண்டு இறுதியில் வெளியிடும் ‘ராப்ட்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒவ்வொருவருக்கும் அவரவர் கேட்ட பாட்டுகளின் கணக்கைப் படமாக்கித் தருகிறது. தன்னைப் பற்றிய படத்தை அனுப்பாமல் இருக்க மனிதரால் முடிவதில்லை.

அதே ஸ்விக்கிப் பட்டியலில் இரண்டாம் இடம் தோசைக்கு, 2.3 கோடி. பிரியாணி ஏறக்குறைய 3.6 மடங்கு. இதை வரையும்போது தோசைத் தட்டை 2 சென்டிமீட்டர் உயரமும் பிரியாணித் தட்டை 7.2 சென்டிமீட்டர் உயரமும் வைத்தால் கணக்குச் சரி என்று தோன்றும். உயரம் கூடும்போது அகலமும் கூடுவதால் பரப்பு 13 மடங்காகிவிடும். கண் பார்ப்பது பரப்பைத்தான். நியூராத் தடுக்க நினைத்தது இந்தத் தவறைத்தான். கண் எதைச் சரியாக அளக்கும் என்பதை அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் கிளீவ்லேண்டும் மெக்கில்லும் 1984-ல் வரிசைப்படுத்தினார்கள். ஒரே அளவுகோலின் மேல் உள்ள இடத்தையும் நீளத்தையும் கண் நன்றாக ஒப்பிடும், கோணத்தில் தடுமாறும், பரப்பில் இன்னும் ஏமாறும். பத்துத் துண்டு போட்ட ‘பை’ வரைபடத்தைவிடச் சாதாரணப் பட்டை மேலானது என்பதற்குக் காரணம் இதுவே.

வேண்டுமென்றே செய்யப்படும் ஏமாற்று வேறு வகை. 96 சதவீதத் தேர்ச்சி பெற்ற பள்ளிக்கும் 98 சதவீதம் பெற்ற பள்ளிக்கும் பட்டை வரைந்து, அளவுகோலை 95-இல் தொடங்கினால் ஒரு பட்டை மற்றதைப் போல மூன்று மடங்கு உயரம் காட்டும். எண் பொய்யில்லை, படம் பொய். பட்டை வரைபடம் சுழியத்தில் தொடங்கவில்லை என்றால் அதை நம்பாமல் இருப்பதே வாசகருக்கு நல்லது.

தரவு யாருடையது என்ற கேள்வியும் உண்டு. ஸ்விக்கியின் பட்டியல், ஸ்விக்கியில் ஆர்டர் செய்தவர்களின் பட்டியல். தோசையை வீட்டில் சுடுபவரும், தெருமுனை மெஸ்ஸில் சாப்பிடுபவரும் அதில் இல்லை. ‘இந்தியர்களின் விருப்ப உணவு’ என்று செய்தித் தலைப்பு வரும்போது அந்த எல்லை காணாமல் போகிறது. நிறுவனம் அதைத் திருத்த அவசரப்படாது. தவறாகப் பரவுவதும் அதற்கு விளம்பரம்தான்.

சிறு கடைக்கு எது தரவு?

பெரிய நிறுவனத்தின் ஆர்டர் கணக்கு சிறு வணிகரிடம் இருக்காது. அதற்காக இணையத்தில் கிடைத்த யாரோ ஒருவருடைய புள்ளிவிவரத்தை எடுத்து வண்ணம் பூசுவது வீண்வேலை. அதே எண் நூறு பக்கங்களில் இருக்கும். அவரிடம் இருப்பது தொழில் அறிவு. வாடிக்கையாளர் கல்லாவில் நின்று திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வியே நல்ல தகவல் படத்தின் கரு.

நகைக்கடையை எடுத்துக்கொண்டால், ‘விலையில் சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு?’ என்ற கேள்வி கேட்கப்படாத நாள் இருக்காது. தங்கத்தின் மதிப்பு, சேதாரம், செய்கூலி, 3 சதவீத ஜிஎஸ்டி என்று ஒரு பில்லை நான்கு துண்டுகள் கொண்ட ஒரே பட்டையாக வெட்டிக் காட்டினால் அதை மக்கள் சேமித்து வைத்துக்கொள்வார்கள். அந்தப் படத்தை வெளியிடும் துணிவு எல்லாக் கடைகளுக்கும் வராது; வெளியிடும் கடைக்குக் கிடைக்கும் நம்பிக்கை அதனால்தான் பெரிது. 2021 ஜூலை முதல் ஹால்மார்க்கில் வரும் மூன்று குறிகளான பிஐஎஸ் முத்திரை, 22 காரட்டைக் குறிக்கும் 916 போன்ற தூய்மை எண், எச்யூஐடி எனப்படும் ஆறு இலக்கத் தனி அடையாளக் குறி ஆகியவற்றை நகையின் படத்தின் மேல் அம்புக்குறியிட்டுக் காட்டுவது அடுத்த படம். காஞ்சிபுரம் பட்டு விற்பவர், கோர்வை நெசவில் உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓடுவதையும், மரபான தறியில் உதவிக்கு இன்னொருவர் உட்கார வேண்டியிருப்பதையும் வரையலாம். விலை ஏன் கூடுதல் என்று தனியாகச் சொல்ல வேண்டியிராது.

தமிழில் வரையும்போது சில தொல்லைகள் கூடுதலாக வரும். ஆங்கிலத்துக்குச் செய்த வார்ப்புருக்களில் தமிழ்ச் சொல் அடங்காது. கட்டத்துக்கு வெளியே வழியும், அல்லது படிக்க முடியாத அளவுக்குச் சுருங்கும். சொல்லைச் சுருக்குவதைவிட வாக்கியத்தைக் குறைப்பது மேல். மேலும் கீழும் கொம்பும் சுழியும் இருப்பதால் வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிட அதிக இடம் விட வேண்டும். ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு வசதியை இயக்காவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும். அப்படி உடைந்த தமிழோடு அச்சான பேனர்கள் எல்லா ஊர்களிலும் தொங்குகின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வரையும் படங்களிலும் தமிழ் எழுத்து சிதைவது உண்டு. அதைவிட மோசம், அவை வரையும் பட்டையின் நீளத்துக்கும் மேலே எழுதிய எண்ணுக்கும் பொருத்தம் இருக்கும் என்ற உறுதி இல்லாதது. டேட்டாராப்பர், ஃப்ளரிஷ் போன்ற கருவிகள் எண்ணைக் கொடுத்தால் அதற்குச் சரியான நீளத்தில் வரைந்து தரும், இலவசமாகவும் கிடைக்கும்.

படம் பார்க்கப்படும் இடம் கைபேசி. கணினித் திரைக்காக வரைந்த ஒரு முழ நீளத் தூண் படங்கள் கைபேசியில் எறும்பு எழுத்தாகிவிடும். வாட்ஸ்அப் அனுப்பும்போது படத்தின் அளவைக் குறைப்பதால் மிச்சமிருந்த எழுத்தும் மங்கும். ஒரு படம், ஒரு செய்தி என்று பிரித்து, இன்ஸ்டாகிராமில் 2017-ல் வந்த பல படங்களை அடுக்கும் வசதியில் வரிசையாக வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். படம் தன் பக்கத்தைவிட்டுப் பிரிந்து தனியாகச் சுற்றும் என்பதால் தேதி, தரவின் மூலம், தளத்தின் முகவரி மூன்றும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். தேதி இல்லாத பழைய தங்க விலைப் படம் ஆண்டுகள் கழித்தும் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். பலரும் க்யூஆர் குறியை நம்புகிறார்கள். போனில் வந்த படத்தை அதே போனால் ஸ்கேன் செய்யும் வழி பெரும்பாலோருக்குத் தெரியாது; சுருக்கமான முகவரி ஒன்றை எழுத்தில் கொடுப்பதே போதும்.

படத்துக்குள் இருக்கும் எழுத்தை மட்டும் நம்பினால் தேடுபொறியும் தவறவிடலாம், திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைப் பயன்படுத்தும் பார்வையற்றவரும் தவறவிடுவார். படத்துக்கு மாற்று உரை எழுதி, அதே தகவலைப் பக்கத்தில் சில பத்திகளாகவோ சிறு அட்டவணையாகவோ தருவது இரண்டுக்கும் தீர்வு. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது உலகளாவிய இணைய அணுகல் விதி. லாபத்தைப் பச்சையிலும் நஷ்டத்தைச் சிவப்பிலும் மட்டும் காட்டினால், அந்த இரு நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்கு எதுவும் தெரியாது. நிறத்தோடு கூட்டல், கழித்தல் குறியையும் போட்டால் சிக்கல் தீர்ந்தது.

பயனை அளப்பதில் லைக் எண்ணிக்கை பெரிதாக உதவாது. ஆயிரம் பேர் ரசித்து ஒருவர்கூட விசாரிக்காத படங்கள் உண்டு. அந்தப் படத்துக்கென்று தனி முகவரியோ தள்ளுபடிக் குறிச்சொல்லோ வைத்து, அதன் வழியாக வந்த விசாரணையையும் விற்பனையையும் எண்ணினால்தான் செலவு தகுமா என்று தெரியும். வாட்ஸ்அப்பில் படம் எத்தனை கை மாறியது என்பதை அறிய வேறு வழியும் இல்லை.

சட்டத்தின் கண்ணில் இது அழகுப் படம் அல்ல, விளம்பரம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை. 2022 ஜூனில் வந்த நெறிமுறைகளின்படி, பொறுப்புத் துறப்பு வாசகம் விளம்பரம் எந்த மொழியில் வாக்குறுதி தருகிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் பெரிதாக வாக்குறுதி கொடுத்துவிட்டு, நட்சத்திரக் குறியிட்டு மூலையில் பொடி ஆங்கிலத்தில் நிபந்தனை எழுதும் பழக்கம் அந்த விதிக்கு எதிரானது.

படம் வரைவது இன்று மலிவு. அதற்குப் பின்னால் இருக்கும் எண்ணைத் திரட்டிச் சரிபார்ப்பதுதான் செலவு. அந்தச் செலவைச் செய்ய மனமில்லாத நிறுவனம் தகவல் படமே வெளியிடாமல் இருப்பது அதற்கும் நல்லது, வாசகருக்கும் நல்லது.